சாவியைத் திருப்பும் முன்

வளவனூர், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பழைய வீடுகளின் பின்கட்டிலும் மூடிப்போன ரைஸ்மில் கொட்டகைகளிலும் தார்ப்பாய்க்கு அடியில் அம்பாசிடர்களும் பியட்டுகளும் இன்னும் நிற்கின்றன. தாத்தா ஓட்டிய வண்டி. விற்க மனம் வராது, ஓட்டவும் ஆள் இருக்காது. ஒருநாள் பேரன் புது பேட்டரி வாங்கி மாட்டிச் சாவியைத் திருப்புவான். பத்து ஆண்டு சும்மா நின்றபோது வராத சேதம் அந்தப் பத்து நொடியில் வந்துவிடும்.

இவை எழுப்ப முடியாத வண்டிகள் இல்லை. 1957-இல் தொடங்கி 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடரின் பழைய பெட்ரோல் மாடலாகட்டும், மும்பையின் பிரீமியர் பத்மினியாகட்டும், 1961 முதல் நம் சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டாகட்டும், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத எளிய என்ஜின்கள். காற்று, பெட்ரோல், தீப்பொறி, ஆயில் நான்கும் சரியாகச் சேர்ந்தால் ஓடும். கோவை அவிநாசி சாலையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போனால், இவற்றைவிட மூத்த வண்டிகளைக்கூட எவ்வளவு அக்கறையாகக் காக்கலாம் என்று பார்க்கலாம்.

நிற்கிற என்ஜினுக்குள் என்னதான் நடக்கிறது? நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் வேறு வேறு கட்டத்தில் இருக்கும். ஒன்று காற்றை உறிஞ்சும், ஒன்று அழுத்தும், ஒன்றில் எரியும், ஒன்று புகையைத் தள்ளும். அதனால் என்ஜினை எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தே நிற்கும். கார்பரேட்டர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ ஈரக்காற்று அதற்குள் போகும். சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் படலம் ஏற்கெனவே வடிந்து போயிருக்கும். வார்ப்பிரும்புச் சுவரும் அதே வார்ப்பிரும்பாலான பிஸ்டன் ரிங்கும் தொடுகிற கோட்டில் துரு பிடிக்கும். இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிப்பது. இடைவெளி அடைபட்டு ரிங் சிக்கிக்கொள்ளும். மெக்கானிக்குகள் ‘பிஸ்டன் ஜாம்’ என்பது இதைத்தான்.

இந்த வட்டாரத்தில் ஈரத்துக்குக் குறைவில்லை. கிழக்கே புதுச்சேரிக் கடல் பக்கம். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. கொட்டகைக்குள் வெள்ளம் வந்து போயிருந்தால், கியர் பாக்ஸ் ஆயிலையும் டிபரன்ஷியல் ஆயிலையும் சேர்த்தே இறக்கிப் பார்க்க வேண்டும்.

ஈரம் எவ்வளவு கொடியது என்பதற்கு அமெரிக்காவில் பெரிய சாட்சி இருக்கிறது. ஓக்லஹோமாவின் டல்சா நகரத்தார் 1957 ஜூன் 15 அன்று புத்தம்புது பிளிமவுத் பெல்வெடேர் காரை கான்கிரீட் அறையில் வைத்து மண்ணுக்குள் புதைத்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து எடுத்து ஓட்டுவது திட்டம். அப்போது பெட்ரோல் கிடைக்காமல் போகலாம் என்று பெட்ரோலையும் ஆயிலையும்கூட உடன் வைத்திருந்தார்கள். 2007-இல் திறந்தால் அறைக்குள் தண்ணீர்! கார் துருவேறிக் கிடந்தது. அந்த என்ஜின் ஓடவே இல்லை.

நேர்மாறான சாட்சி நம் பெரம்பூரில் உண்டு. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸில் கட்டப்பட்ட இ.ஐ.ஆர்.-21 நீராவி என்ஜின் நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் ஊழியர்கள் காணாமல்போன பாகங்களைப் புதிதாகச் செய்து சேர்த்து, 2010-இல் அதைத் தண்டவாளத்தில் ஓட விட்டார்கள். நின்ற காலத்தைவிட, எழுப்புகிறவரின் பொறுமைதான் முக்கியம் என்று பேசுகிற என்ஜின் அது.

காருக்கு வருவோம். முதல் வேலை, பிளக்குகள் நான்கையும் கழற்றுவது. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, இரண்டு மூன்று நாள் அப்படியே ஊற விட வேண்டும். ஏர் பில்டரைத் திறந்தால் வயல் எலியின் கூடு இருக்கலாம். சைலன்சர் வாயில் குளவி மண் அப்பியிருக்கலாம்.

பிறகு கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பழைய அம்பாசிடர்களில் முன்பக்கம் ஹேண்டில் நுழைக்க வழி உண்டு. இல்லாவிட்டால் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போடலாம். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற நான்கு விரல்களும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகிற நேரத்தில் ஹேண்டில் எதிர்த்து அடித்தால், சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறிந்துவிடும். மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால், ஊறிய ரிங் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். அசையாவிட்டால் மீண்டும் ஆயில், மீண்டும் காத்திருப்பு. நாலு பேரைக் கூட்டித் தள்ளுவதும், டிராக்டரில் கயிறு கட்டி கியரில் போட்டு இழுப்பதும் வேண்டவே வேண்டாம். ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும்.

சுற்ற ஆரம்பித்ததும் பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். ஓடும் என்ஜினில் கிராங்க் தண்டு பேரிங்கைத் தொடாமல், மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுற்றுகிறது. ஆண்டுக்கணக்கில் நின்ற என்ஜினில் அந்தப் படலம் கிடையாது. ராக்கர் கவரைக் கழற்றி மேலேயும் ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே, காயில் வயரைக் கழற்றிவிட்டு, செல்ப் மோட்டாரைப் பத்து நொடி சுற்றுவது, ஓய்வு கொடுப்பது, மறுபடி சுற்றுவது என்று ஆயில் பிரஷர் காட்டும் வரை செய்ய வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டுச் சாவியைத் திருப்புகிறவர்தான் பேரிங்கைக் கெடுப்பவர். பேட்டரி மாட்டும் முன் எர்த்தையும் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த்.

அடுத்தது பெட்ரோல். லேசாக ஆவியாகும் பகுதிகள் முதலில் பறந்துவிடும். மிச்சம் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகி, கார்பரேட்டரின் ஜெட்டை அடைக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். முண்டியம்பாக்கம், பெரியசெவலை ஆலைகளைச் சுற்றி விளைகிற கரும்பும் எத்தனாலுக்கு மூலப்பொருள்தான். விவசாயிக்கு நல்லது. ஆனால் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கித் துருவேற்றும். பழைய கால ரப்பரையும் அது ஊறவைத்துப் பதம் கெடுக்கும். ஆகவே டேங்கைக் கழற்றிக் கழுவி, ஹோஸ்களையும் பெட்ரோலை ஏற்றும் ஏ.சி. பம்பின் டயபிரத்தையும் மாற்றுவது நல்லது. கார்பரேட்டருக்கு மேல் பாட்டில் கட்டித் தொங்கவிட்டு ஸ்டார்ட் செய்யும் வழக்கம் ஆபத்தானது. சூடான என்ஜின் மேல் ஒரு சொட்டு சிந்தினாலும் தீதான்.

முதல் ஸ்டார்ட் திறந்த வெளியில், தீயணைப்பான் பக்கத்தில் இருக்க நடக்க வேண்டும். மூடிய கொட்டகையில் புகையின் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும். ரேடியேட்டரில் உப்புப் போர் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் ஊற்றுங்கள். ஊற்றிய ஆயில் எரிந்து நீலப்புகை கொஞ்ச நேரம் வரும், பயப்பட வேண்டாம். சில நொடிகளில் ஆயில் பிரஷர் ஏறாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். ரேஸ் கொடுத்துப் பார்ப்பது கூடாது.

என்ஜின் ஓடிவிட்டது என்று வண்டியை நகர்த்திவிடாதீர்கள். பிரேக் ஆயிலும் ஈரம் குடித்திருக்கும், வீல் சிலிண்டர் பிடித்திருக்கும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. சாலையில் ஏற்றுவதற்குப் பதிவும் வேண்டும். 50 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனிப் பதிவெண் தரும் விதி 2021-இல் வந்திருக்கிறது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய்.

உங்கள் கொட்டகையில் அப்படி ஒரு வண்டி நிற்கிறதா? ஐப்பசி மழை தொடங்கும் முன் பிளக்குகளைக் கழற்றி ஆயில் விட்டுவிடுங்கள். ஸ்டார்ட் செய்வதைத் தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.