கோடையில் புல்தரையைக் காத்தல்

சங்கக் கட்டடத்தின் முன்பு சிறிது புல்தரை இருத்தல் கண்ணுக்கு இனிது, புழுதியும் அடங்கும். ஆனால் பங்குனி வெயில் ஏறியதும் அதுவே பெருஞ்செலவாக மாறிவிடுவதுண்டு.

ஜூஜுவாடிக்கு அருகே ஒரு சங்கத்தைத் தணிக்கை செய்தபோது, தண்ணீர் லாரிக்கான ரசீதுகள் கட்டுக்கட்டாக இருக்கக் கண்டேன். முன்புறத்துப் புல்லோ காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. "நாள் தவறாமல் நீர் தெளிக்கிறோம் ஐயா; புல் செத்துவிட்டது. கொத்தி எறிந்துவிட்டுப் புதிதாகப் பதிக்க உத்தேசித்திருக்கிறோம்" என்றார் செயலாளர். இருவரும் ஓரிடத்தில் கொத்திப் பார்த்தோம். மேலே ஒரு விரற்கடை ஈரம். அதன்கீழ் செம்மண் கல்லாக இறுகியிருந்தது. ஆயினும், மண்ணுக்குள் ஓடிய தண்டை ஒடித்தபோது உள்ளே வெண்மையாக இருந்தது. புல் சாகவில்லை, உறங்கிக்கொண்டிருந்தது.

இதன் காரணத்தை அங்கத்தினர்கள் அறிதல் நலம். அருகம்புல் வறட்சி மிகும்போது இலைகளைக் காயவிட்டு, தரைக்கடித் தண்டிலும் கணுக்களிலும் உயிரை அடக்கிக்கொள்ளும். மழை விழுந்ததும் அக்கணுக்களிலிருந்தே துளிர்க்கும். அருகுபோல் வேரோடுக என்று மணமக்களை வாழ்த்துவது இத்தன்மை பற்றியே. நாள்தோறும் சிறிது தெளித்தால், வேர்கள் ஈரத்தை நாடி மேல்மண்ணிலேயே தங்கிவிடும். வெயில் முதலில் சுடுவதும் அந்த மேல்மண்ணையே.

இனி நீர்க்கணக்கைப் பார்ப்போம். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் நீர் நின்றால் அது 1 லிட்டர். 1 சென்ட் நிலம் சுமார் 40 சதுர மீட்டர். வேர்வரை நனைய 25 மில்லிமீட்டர் வேண்டுமெனில், ஒரு தடவைக்கு 1,000 லிட்டர் செல்லும். கறவைப் பசு ஒன்று நாளொன்றுக்கு 50 லிட்டர் குடிப்பதாகக் கொண்டால், இது 20 நாள் குடிநீர். ஆகவே, புல்லைப் பசுமையாக வைத்திருப்பதா, உறங்கவிடுவதா என்பதைக் கோடைக்கு முன்பே நிர்வாகக் குழு முடிவு செய்தல் வேண்டும்.

பசுமை வேண்டுமெனில், வாரம் ஒருமுறை, விடியுமுன், அரையடி ஆழம் நனையுமாறு பாய்ச்சுக. கம்பியொன்றைக் குத்தினால் ஆழம் தெரியும். உறங்கவிடுவதானால், மூன்று வாரத்திற்கு ஒருமுறை இதில் பாதியளவு நீர் போதும்; உயிர் தங்கும். புதிதாகப் பதித்த புல்லை மட்டும் உறங்கவிடலாகாது. அதற்கு வேர்ச் சேமிப்பு இல்லை.

இரு முறைக்கும் பொதுவான விதிகள் சில உண்டு. கோடையில் புல்லை 2 அங்குல உயரத்திற்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். ஒரே வெட்டில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுத்தலாகாது. நறுக்கிய துணுக்குகளை அங்கேயே விட்டால் மண்ணுக்கு நிழலாகும். காய்ந்த புல்லுக்கு யூரியா இடுதல் தீங்கே. அதன்மீது வண்டி நிறுத்துவதும் கூடாது.

நெசவாளர் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நீர் வீணாகிறதே என்று சாயத்தொட்டிக் கழிவைப் புல்லுக்கு ஊற்ற வேண்டாம். அதிலுள்ள உப்பும் சோடாவும் மண்ணைக் கெடுத்துவிடும். பின்னர் மழை பெய்தாலும் எளிதில் துளிர்க்காது. அரிசி, காய்கறி கழுவிய நீர் ஆகும்.

ஏறக்குறைய 3,000 அடி உயரத்திலுள்ள நமது ஓசூர் மேட்டுநிலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் கோடைமழை பெய்வது வழக்கம். அதுவரை பொறுத்தாலே பெரும்பாலும் போதும்.

மேற்கூறிய சங்கத்தார் புதுப்புல் பதிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, லாரியையும் நிறுத்தினர். வைகாசியில் இரண்டு நல்ல மழை பெய்தது. ஆனியில் நான் மீண்டும் சென்றபோது, வண்டிகள் நின்று இறுகிய வாயிலோரம் தவிர, எங்கும் பச்சை படர்ந்திருந்தது. அவ்விடத்திலும் பக்கத்துக் கொடிகளைக் கிள்ளி நட்டிருந்தார்கள். ரசீதுக் கட்டில் புதியது ஒன்றும் சேர்ந்திருக்கவில்லை.

பொதுப்பணத்தைச் செலவிடுமுன் ஒரு பிடி மண்ணைக் கொத்திப் பார்ப்பது நம் கடமை.