வளரும் பிள்ளைக்கு அளந்தறிந்த மருத்துவம்

கவனக்குறைவும் மிகையியக்கமும் உடைய பிள்ளை பத்து அகவையைக் கடந்து குமரப் பருவத்தை நெருங்குங்கால், பெற்றோர் மருத்துவரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்த மருந்து என் பிள்ளைக்கு ஏற்றது? ஏழு அகவையில் நற்பயன் தந்த மாத்திரை இப்போது மாலைவரை தாங்குவதில்லை. சிலருக்கு அது பசியைக் கெடுக்கிறது. சில பிள்ளைகள் அதை விழுங்கவே மறுக்கின்றனர். பெற்றோரின் கவலை முற்றிலும் முறையானது. ஆயினும், முப்பது ஆண்டுகளாக நடந்த பேராய்வுகளைக் கூர்ந்து நோக்குவோர் ஓர் உண்மையை உணர்வர். மருந்தின் பெயரைவிட, அதை அளந்து தேர்ந்த முறையும், இடையறாது மீளப் பார்த்த பொறுப்பும், அப்பிள்ளையின் சொல்லுக்குத் தந்த மதிப்புமே பயனைப் பெரிதும் முடிவுசெய்கின்றன.

குறைபாட்டின் இயல்பு

ஏடிஎச்டி என்று சுருக்கமாக வழங்கும் இக்குறைபாடு நம் காலத்தில் முளைத்ததன்று. 1902-ஆம் ஆண்டில் இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் பொழிவாற்றிய ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவில் குறைவில்லாதிருந்தும் தம்மைத் தாமே அடக்கிக்கொள்ள இயலாத பிள்ளைகளைப் பற்றி விரிவாக எடுத்துரைத்தார். இரட்டையரையும் குடும்பங்களையும் ஆய்ந்த பிற்காலத்தார், இதில் மரபணுக்களின் பங்கு மிகப் பெரிது எனக் கண்டனர். பெற்றோரின் கண்டிப்பின்மையோ பிள்ளையின் சோம்பலோ இதற்கு வேர் என்னும் பழிச்சொல்லுக்கு அறிவியலில் இடமில்லை.

2007-இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் பிலிப் ஷா குழுவினர், இக்குறைபாடுடைய 223 பிள்ளைகளின் மூளைப் படங்களை அஃதில்லாத 223 பிள்ளைகளின் படங்களோடு ஒப்பிட்டனர். மூளைப் புறணியின் பாதியளவு இடங்கள் உச்சத் தடிமனை எட்டிய அகவை, குறைபாடில்லாத பிள்ளைகளிடம் ஏழரையாகவும் குறைபாடுடையோரிடம் பத்தரையாகவும் இருந்தது. திட்டமிடல், காத்திருத்தல், எண்ணித் துணிதல் ஆகியவற்றை ஆளும் முன்மடலில் இந்தப் பின்னடைவு மிகுந்திருந்தது. வளர்ச்சியின் வரிசை மாறவில்லை, காலமே தாழ்ந்தது. ஆகவே, பன்னிரண்டு அகவைப் பிள்ளையிடம் அந்த அகவைக்குரிய ஒழுங்கை எதிர்பார்த்துக் கடிந்துகொள்வோர் இந்த இடைவெளியை நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

மருந்துகள் வந்த வழி

1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்னும் மருத்துவர், தாம் பணியாற்றிய சிறார் மருத்துவமனையில் தங்கியிருந்த 30 பிள்ளைகளுக்கு ஆம்பெட்டமின் வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். ஏறத்தாழப் பாதிப் பேர் பள்ளிப் பாடத்தில் வியத்தகு முன்னேற்றம் கண்டனர். 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் மெத்தில்பெனிடேட்டை உருவாக்கினார். இன்றளவும் சிறார்க்கு முதலில் எண்ணப்படும் மருந்து பெரும்பாலும் இதுவே.

மெத்தில்பெனிடேட் என்னும் இந்த ஊக்க மருந்து துடிப்பான பிள்ளையை எவ்வாறு அமைதிப்படுத்தும் என்று பலர் ஐயுறுவர். அது பிள்ளையை மயக்கி அடக்குவதில்லை. நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின், நாரெபினெப்ரின் ஆகியவை மீள உறிஞ்சப்படுவதைத் தடுத்து, முன்மடலின் ஆளுகையை வலுப்படுத்துகிறது. அதன் எளிய வடிவம் ஏறக்குறைய நான்கு மணி நேரமே நிற்கும். மெல்ல மெல்ல வெளிவிடும் வடிவங்களுள் சில பன்னிரண்டு மணி நேரம்வரை நிற்கும்.

ஒரு பேராய்வு உணர்த்திய பாடம்

எம்டிஏ என்னும் ஆய்வின் முடிவுகள் 1999-இல் வெளிவந்தன. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏழு முதல் பத்து அகவைக்குட்பட்ட 579 பிள்ளைகள் அதில் நான்கு குழுக்களாகப் பகுக்கப்பட்டனர். முதற்குழுவுக்கு மருந்து, இரண்டாம் குழுவுக்கு நடத்தைப் பயிற்சி, மூன்றாம் குழுவுக்கு இரண்டும் தரப்பட்டன; நான்காம் குழுவினர் தத்தம் ஊரில் கிடைத்த வழக்கமான மருத்துவத்தைப் பெற்றனர். மருத்துவம் பதினான்கு திங்கள் நீடித்தது.

மருந்து தரப்பட்ட முறை கருதத்தக்கது. முதல் 28 நாள்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வெவ்வேறு அளவுகளும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் மாறிமாறித் தரப்பட்டன. எந்நாளில் எது தரப்பட்டது என்பது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரியாது. அவர்கள் நாள்தோறும் குறித்த மதிப்பெண்களைக் கொண்டே ஏற்ற அளவு தேரப்பட்டது. அதன்பின் திங்கள்தோறும் அரைமணி நேரச் சந்திப்பு நடந்தது.

கவனக்குறைவையும் மிகையியக்கத்தையும் தணிப்பதில் இக்கவனமான மருந்து முறை நடத்தைப் பயிற்சியை விஞ்சியது. இரண்டும் சேர்ந்த முறை, அச்சம், பள்ளிப் பாடம், பெற்றோர்–பிள்ளை உறவு போன்றவற்றில் கூடுதல் நலம் தந்தது. அக்குழுவினர்க்குத் தேவைப்பட்ட மருந்தும் குறைவு: மருந்து மட்டும் பெற்ற பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 37.7 மில்லிகிராம் கொள்ள, இவர்கள் 31.2 மில்லிகிராம் கொண்டனர்.

இவற்றினும் ஆழ்ந்த பாடம் நான்காம் குழுவில் உள்ளது. அவர்களுள் மூன்றில் இருபங்கினர் மருந்து உண்டவர்களே. ஆயினும் ஆய்வுக்குழுவின் மருந்து முறைக்கு ஈடான பயனை அவர்கள் பெறவில்லை. அவர்கள் உண்ட மருந்தின் அளவு குறைந்திருந்தது. மருத்துவரை ஆண்டுக்கு ஓரிரு முறையே, அதுவும் சிறிது நேரமே கண்டனர். மருந்து கையில் இருந்தும் அதை அளந்து பார்க்கும் கண் இல்லாதபோது பயன் சுருங்கிற்று.

அடுத்து வந்தது மேலும் எண்ணத்தக்கது. பதினான்கு திங்களோடு ஆய்வின் மருத்துவம் நின்றது. பிள்ளைகள் குமரப் பருவத்தை நோக்கி வளர்ந்தனர். மூன்றாம் ஆண்டில் நோக்கியபோது நான்கு குழுக்களுக்கிடையே இருந்த வேறுபாடு மறைந்திருந்தது. எல்லாக் குழுவினரும் தொடக்கநிலையைவிட மேம்பட்டே இருந்தனர். ஆனால் முதலாண்டில் பெற்ற தனிச்சிறப்பு நீடிக்கவில்லை. இளமைக்காலம் வரை தொடர்ந்த பார்வையில், பத்தில் ஏறத்தாழ ஆறு பேருக்குக் குறைபாடு தணிவதும் மீள்வதுமாக மாறிமாறி வந்ததையும், நிலையாக மீண்டோர் பத்தில் ஒருவர் அளவே இருந்ததையும் 2022-இல் வெளிவந்த கட்டுரை காட்டிற்று. சிறுபருவத்தில் ஒருமுறை செய்த நல்ல மருத்துவம் வாழ்நாள் முழுமைக்கும் போதும் என்று இருந்துவிட முடியாது.

குமரப் பருவம் மாற்றுவன

இப்பருவத்தில் ஓட்டமும் குதிப்பும் குறைகின்றன. உள்ளத்தின் அமைதியின்மையும் கவனச் சிதறலும் எஞ்சுகின்றன. வெளித்தோற்றம் கண்டு நோய் நீங்கிற்று என்று மயங்குவோர் உண்டு. பெண்பிள்ளைகளிடம் தொடக்கத்திலிருந்தே மிகையியக்கம் குறைவாகக் காணப்படுவதால், அவர்களுள் பலர் இப்பருவத்தில்தான் முதன்முறையாக அறியப்படுகின்றனர். அறிகுறிகள் ஏழு அகவைக்குமுன் தோன்றியிருத்தல் வேண்டும் என்னும் பழைய வரம்பை, 2013-இல் வந்த அமெரிக்க உளமருத்துவ நோய்த்தொகுப்பின் ஐந்தாம் பதிப்பு பன்னிரண்டாக உயர்த்தியது.

பள்ளியும் மாறுகிறது. ஒரே ஆசிரியர் நாள்முழுதும் கண்ட நிலை போய், பாடத்துக்கொருவர் சிறிது நேரமே காண்கின்றனர். ஆகவே மருந்தின் பயனை மதிப்பிட ஒருவரின் குறிப்பு போதாது. வீட்டுப்பாடம் மாலைக்கு நீள்வதால் மருந்து நிற்கும் நேரமும் நீளவேண்டியிருக்கும். அவ்வாறு நீட்டினால் உறக்கம் கெடலாம். குமரப் பருவத்தில் உறக்கம் இயல்பாகவே பின்தள்ளிப் போவதால், இரவின் விழிப்பு முழுவதையும் மருந்தின் மேல் ஏற்றுவதும் தவறு. மனச்சோர்வும் அச்சமும் தலைகாட்டும் காலமும் இதுவே. அவை கவனக்குறைவைப் போல் தோன்றக்கூடும். மருந்தளவைக் கூட்டுமுன் அவற்றை ஆராய்வது மருத்துவரின் கடன்.

தேர்ந்து அளக்கும் முறை

நல்ல மருத்துவம் அளவைகளோடு தொடங்குகிறது. உயரம், எடை, நாடித்துடிப்பு, குருதியழுத்தம், குடும்பத்தில் இதயநோய் உண்டா என்னும் செய்தி ஆகியவை முதலில் குறிக்கப்படும். பிறகு குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவர். எடையை மட்டும் கொண்டு ஊக்க மருந்தின் அளவைக் கணித்துவிட இயலாது. ஒரே எடையுடைய இருவர்க்கு வெவ்வேறு அளவு தேவைப்படலாம்.

ஓர் ஊக்க மருந்து முறையாக அளந்தும் பயன்தரவில்லையெனில் மற்றொரு வகைக்கு மாறுவர். 2018-இல் வந்த பிரித்தானிய நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டி, மெத்தில்பெனிடேட் ஆறு வாரம் போதிய அளவில் பயன்தராதபோது லிஸ்டெக்ஸாம்பெட்டமினையும், ஊக்க மருந்துகள் ஒவ்வாதபோது அடாமாக்சிடின் அல்லது குவான்பசினையும் எண்ணுமாறு கூறுகிறது. அடாமாக்சிடின் முழுப்பயன் தரச் சில வாரங்கள் ஆகும். இரண்டாம் நாளே பயனில்லை என்று கைவிடலாகாது. சிறாரிடம் தற்கொலை எண்ணம் தோன்றக்கூடும் என்னும் எச்சரிக்கை அதற்கு உண்டு. ஆதலால் தொடக்க வாரங்களில் பிள்ளையின் மனநிலையைக் கூர்ந்து காத்தல் வேண்டும். குவான்பசினைத் திடீரென நிறுத்தினால் குருதியழுத்தம் ஏறலாம்.

பக்கவிளைவுகளுள் பசிக்குறைவே மிகுதி. மருந்துக்குமுன் நிறைவான காலையுணவும், அதன் ஆற்றல் தணிந்தபின் இரவுணவும் தருவது பலர்க்கு உதவும். ஊக்க மருந்தை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து உண்டோரின் உயரம் சில சென்டிமீட்டர் குறையலாம் என்பதை எம்டிஏ தொடராய்வே காட்டியுள்ளது. அச்சத்தால் மருந்தை மறுப்பதற்கு இது போதிய காரணமாகாது. ஆயினும், ஆறு திங்களுக்கு ஒருமுறை உயரத்தை அளந்து வளர்ச்சிக் கோட்டில் குறிக்காமல் இருப்பதற்கு மன்னிப்பில்லை. சிரிப்பும் குறும்பும் அற்று, பிள்ளை உணர்ச்சி மங்கித் தோன்றினால் அளவு மிகுந்துவிட்டது எனக் கருதி மருத்துவரிடம் உடனே உரைக்க வேண்டும்.

மருந்தோடு கூடிய பயிற்சியும் இன்றியமையாதது. மருந்து கவனத்தைத் தரும். பையை அடுக்கவும், நாட்குறிப்பு எழுதவும், பெரும்பணியைச் சிறுகூறுகளாகப் பிரிக்கவும் அது கற்றுத்தராது. இத்திறன்கள் கற்பிக்கப்பட வேண்டியவை. பெற்றோர் கற்கவேண்டியதும் உண்டு: சுருங்கிய கட்டளை, உடனடிப் பாராட்டு, முன்கூட்டி ஒப்பிய விளைவு.

பிள்ளையின் பங்கு

குமரப் பருவத்தில் பலர் மருந்தைத் தாமே நிறுத்திவிடுகின்றனர். நண்பர் முன் நாணம், தன்னியல்பு மாறுகிறது என்னும் உணர்வு, குறையுள்ளவன் என்னும் முத்திரைமேல் வெறுப்பு ஆகியவை அதற்குக் காரணங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டி, பன்னிரண்டு முதல் பதினெட்டு அகவையினர்க்கு அவர்தம் இசைவோடு மருந்து தரவேண்டும் என்கிறது. இசைவு பெறுதற்குப் பிள்ளைக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். மாத்திரையின் பெயர், அளவு, அது செய்வது, செய்யாதது அனைத்தையும் பத்து அகவையிலேயே சொல்லத் தொடங்கலாம். தோழர்க்கு மாத்திரையைப் பகிர்வது அவர்களுக்குத் தீங்காக முடியும் என்பதையும் அப்போதே உணர்த்த வேண்டும்.

ஆண்டுக்கொருமுறை, மருந்து இன்னும் தேவையா என்று மருத்துவர் மேற்பார்வையில் ஆராய்தல் நன்று. தேர்வு நெருங்காத காலத்தில் சிலநாள் நிறுத்திப் பார்த்து, பிள்ளையே தன் மாற்றங்களைக் குறித்துவரச் செய்தால், அடுத்த முடிவில் அதன் குரலும் சான்றாக அமையும். ஒருமுறை எழுதிய மருந்துச்சீட்டை ஆண்டுதோறும் கேள்வியின்றிப் புதுப்பிப்பது மருத்துவமாகாது. பிள்ளை வளரும்தோறும் மருத்துவமும் அளந்து திருத்தப்பட வேண்டும். அவ்வளவைக் குறிக்கும் எழுதுகோல் சிறிது சிறிதாகப் பெற்றோர் கையிலிருந்து பிள்ளையின் கைக்கு மாறவேண்டும். தன் உடலையும் உள்ளத்தையும் தானே பேணும் வாழ்வுக்கு அதுவே முதற்பயிற்சி.