ஜிம்முக்குத் தள்ளுபடி தரும் ஹெல்த் பாலிசி... எடுக்கலாமா?

"சார், இந்த ஹெல்த் பாலிசியை எடுத்தீங்கன்னா ஜிம் ஃபீஸ்ல தள்ளுபடி! தினமும் நடந்தா பாயின்ட்! பாயின்ட் சேர்ந்தா அடுத்த வருஷ பிரீமியத்துல கழிச்சுக்கலாம் சார்!"

போனில் இப்படி ஒரு தேன் குரல் கேட்டதும், உங்கள் வீட்டுக்காரர் ஒரு கையால் போனைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் தொப்பையைத் தடவியபடி, "என்ன சொல்றே, எடுத்துடலாமா?" என்று உங்களைப் பார்க்கிறாரா?

கொஞ்சம் பொறுங்கள். 'சரி' சொல்வதற்கு முன்னால் இரண்டு பேருமாக உட்கார்ந்து இதைப் படித்துவிடுங்கள். தள்ளுபடி என்பது பொய்யில்லை. நிஜமாகவே கிடைக்கிறது. ஆனால் எதற்காகத் தருகிறார்கள், யாருக்குக் கிடைக்கும், எங்கே கை நழுவிப் போகும் என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டால், ஜிம்மும் மிஞ்சாது, பாலிசியும் உதவாது.

முதலில் ஒரு நியாயமான சந்தேகம். நாம் ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் கட்டுகிற கம்பெனி, நாம் ட்ரெட்மில்லில் ஓடுவதற்கு ஏன் காசு தரவேண்டும்?

இந்த யோசனையைப் பெரிய அளவில் வளர்த்தவர்கள் தென் ஆப்பிரிக்காக்காரர்கள். ஏட்ரியன் கோர் என்பவர் 1992-ல் அங்கே தொடங்கிய டிஸ்கவரி என்ற நிறுவனம், 1997-ல் 'வைட்டாலிட்டி' என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. உடற்பயிற்சி செய், பரிசோதனை செய்துகொள், பாயின்ட் சேர், சலுகை வாங்கிக்கொள்... இதுதான் அதன் சாரம். ஜிம் கட்டணத் தள்ளுபடி அதில் பெரிய கவர்ச்சி. 2004-ல் அது பிரிட்டனுக்குப் போயிற்று. நம் நாட்டுக்கும் இந்த வித்தை தென் ஆப்பிரிக்கா வழியாகத்தான் வந்தது என்றால் தப்பில்லை. 2016-ல் இங்கே தொழில் தொடங்கிய ஆதித்ய பிர்லா ஹெல்த் இன்ஷூரன்ஸ், அந்த ஊரின் எம்.எம்.ஐ. என்ற இன்னொரு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்துதான் ஆரம்பித்தது. அதன்பிறகு மற்ற கம்பெனிகளும் ஆளுக்கொரு பெயரில் இப்படித் திட்டம் போட ஆரம்பித்துவிட்டன.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-ல் இதற்கென்றே விதிமுறைகளை வெளியிட்டது. ஜிம், யோகா மையம், விளையாட்டு கிளப் ஆகியவற்றில் சேர வவுச்சர் தரலாம், புதுப்பிக்கும்போது பிரீமியத்தைக் குறைக்கலாம் அல்லது காப்பீட்டுத் தொகையைக் கூட்டலாம் என்று அதில் அனுமதி உண்டு. ஆக, ஏஜென்ட் சொல்வது சட்டப்படி சரியான விஷயம்தான்.

கம்பெனிக்கு என்ன லாபம்? நீங்கள் ஆரோக்கியமாக இருந்தால் க்ளெய்ம் குறையும். இதை அவர்களே சொல்வார்கள். அவர்கள் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. ஜிம் என்றதும் யார் ஓடி வருவார்கள்? ஏற்கெனவே திடகாத்திரமாக இருப்பவர்கள்! மூட்டுவலியோடு முனகுகிறவர் வரமாட்டார். அமெரிக்காவில் முதியோருக்கான இன்ஷூரன்ஸ் திட்டங்களை ஆராய்ந்து, 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற பிரபல மருத்துவ இதழில் 2012-ல் ஒரு கட்டுரை வந்தது. ஜிம் வசதியைப் புதிதாகச் சேர்த்த திட்டங்களில், அதற்குப் பிறகு வந்து சேர்ந்தவர்களிடையே 'என் உடல்நிலை மிக நன்றாக இருக்கிறது' என்று சொல்பவர்கள் அதிகமாக இருந்தார்களாம். அதாவது, ஜிம் பலகையைத் தொங்கவிட்டாலே நோயில்லாத வாடிக்கையாளராகப் பார்த்து வந்து சேர்கிறார்கள். கில்லாடித்தனம்தான்!

சரி, விஷயத்துக்கு வருவோம். பாலிசி எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து என்ன?

கம்பெனியின் 'ஆப்'பை உங்கள் போனில் இறக்கிக்கொள்ள வேண்டும். பாலிசி தொடங்கி இத்தனை நாளுக்குள் இறக்கினால்தான் சலுகை என்று சில திட்டங்களில் கெடு உண்டு. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டீர்களோ, அந்த வருஷம் போச்சு. போனில் அல்லது கைக்கடிகாரத்தில் பதிவாகும் நடைக் கணக்கை ஆப்போடு இணைக்க வேண்டும். பல திட்டங்களில் ரத்தப் பரிசோதனையும் உண்டு. ஜிம் என்றால் எந்த ஜிம்மும் அல்ல. அவர்கள் பட்டியலில் உள்ள ஜிம். உள்ளே நுழையும்போது ஆப்பில் வருகையைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் காலடி, இல்லாவிட்டால் பட்டியலில் உள்ள ஜிம்மில் அரை மணி நேரம்... இப்படி ஏதாவது ஒன்றைச் செய்தால் அது 'நல்ல நாள்' என்று கணக்கு. மாதத்தில் இத்தனை நல்ல நாள் சேர்ந்தால் இவ்வளவு சலுகை. (போனைத் தூளியில் போட்டு ஆட்டினால் கணக்கு ஏறுமா என்று கேட்பவர்களுக்கு... சர்க்கரை இறங்காது, ஐயா!)

இப்போது பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேட்டை ஜிம்மில் மாதம் 1,500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 18,000. பாலிசி மூலமாக 25 சதவீதம் தள்ளுபடி என்றால் 4,500 மிச்சம். சந்தோஷம். ஆனால் அதே அளவு காப்பீடு தரும் இன்னொரு நல்ல பாலிசியைவிட இதன் பிரீமியம் 6,000 ரூபாய் அதிகம் என்றால்? 1,500 ரூபாய் கைநஷ்டம். இந்தக் கழித்தல் கணக்கைப் பலர் போடுவதே இல்லை.

அடுத்த கணக்கு இன்னும் முக்கியம். தள்ளுபடி போக நீங்கள் கட்டுவது 13,500. மாதம் 13 நாள் போனால், ஒரு தடவைக்குச் சுமார் 87 ரூபாய். மாதம் நாலே நாள் போனால்? ஒரு தடவைக்கு 281 ரூபாய்! 'நாங்க அப்படியெல்லாம் சும்மா இருக்க மாட்டோம்' என்கிறீர்களா? அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் வருகைப் பதிவேட்டை இரண்டு பொருளாதார அறிஞர்கள் அலசி 2006-ல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் போனது சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவை. ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிவிட்டது. பத்து தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்குப் பத்து டாலரில் முடிந்திருக்கும். மனுஷ சுபாவம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்!

ஆனால் சலுகையால் பிரயோஜனமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வைட்டாலிட்டி திட்டத்தில் ஆப்பிள் வாட்ச் ஒன்றைக் கையில் கட்டிவிடுகிறார்கள். நன்றாக உடற்பயிற்சி செய்தால் அதற்கான தவணையைக் கட்டவேண்டாம், சோம்பினால் கட்டவேண்டும். பிரிட்டன், அமெரிக்கா, தென் ஆப்பிரிக்கா மூன்று நாடுகளிலும் நாலு லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்து 'ராண்ட் யூரோப்' நிறுவனம் 2018-ல் சொன்னது: வாட்ச் இல்லாமல் சலுகை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் உடலுழைப்பு 34 சதவீதம் கூடியிருந்தது. கிடைக்கிற பரிசைவிட, கையைவிட்டுப் போகிற காசு நம்மை நன்றாக விரட்டுகிறது. இன்ஷூரன்ஸ் இல்லாமலேகூட இதை வீட்டில் செய்து பார்க்கலாம்... அவர் நடக்காத நாளுக்கு நூறு ரூபாய் உங்கள் உண்டியலில்!

ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. நம் வீட்டிலிருந்து நடந்தோ ஸ்கூட்டரிலோ போகிற தூரத்தில் பட்டியல் ஜிம் இருக்கிறதா? சென்னையில் சுலபம். சின்ன ஊர்க்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். குடும்பம் முழுவதற்கும் எடுக்கும் ஃப்ளோட்டர் பாலிசி என்றால், சலுகை பெரியவர்கள் எல்லோருக்குமா, பாலிசிதாரருக்கு மட்டுமா? ஜிம் தள்ளுபடி பாலிசிப் பத்திரத்திலேயே எழுதப்பட்டதா, அல்லது 'தற்போதைய சலுகை' என்று ஆப்பில் மட்டும் இருப்பதா? ஆப்பில் இருப்பது நாளைக்குக் காணாமல் போகலாம். அப்புறம், இன்ஷூரன்ஸ் பேச்சையே எடுக்காமல் அந்த ஜிம்முக்கு நேரே போய் வருஷச் சந்தா என்ன என்று விசாரியுங்கள். ஜனவரியில் அவர்களே தருகிற தள்ளுபடி இதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

வரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கிவிட்டது. ஜிம் கட்டணத்துக்கும் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஜிம் பில்லில் இன்னமும் 18 என்று இருந்தால், தயங்காமல் கேளுங்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் ரொம்ப முக்கியம்.

"ஷுகர் இருக்குன்னு ஃபாரத்துல எழுதாதீங்க சார். ஜிம்முக்குப் போனா தானா குறைஞ்சிடப் போவுது!" என்று யாராவது சொன்னால், அந்த ஃபாரத்தை அங்கேயே மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இருக்கிற நோயை மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படுகிற நாளில் உதவாது. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த ராத்திரி, பழைய மருந்துச் சீட்டு ஒன்று வெளியே வந்தால் போதும்; க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம், பாலிசியே ரத்தாகலாம். ஜிம்மில் மிச்சம் பிடித்த 4,500 ரூபாய் அன்றைக்கு எந்த மூலைக்கு? மறைத்தால் வேறொரு வேடிக்கையும் நடக்கும். பாயின்டுக்காக அவர்களே எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை வெளிச்சத்துக்கு வந்துவிடும்!

உண்மையைச் சொன்னால் பாலிசி கிடைக்காதோ என்ற பயம் புரிகிறது. பிரீமியம் கூடலாம், காத்திருக்கச் சொல்லலாம். ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் மூன்று வருஷத்தைத் தாண்டக்கூடாது என்று 2024-ல் விதி வந்துவிட்டது. முன்பு நாலு வருஷம். பாலிசி விடாமல் ஐந்து வருஷம் ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, 'நீ அப்போது சொல்லவில்லை' என்று காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. ஆகவே பாலிசியைத் தேர்ந்தெடுக்கும்போது காத்திருப்புக் காலம், அறை வாடகைக்கு வரம்பு, பில்லில் நம் பங்காகக் கட்டும் கோ-பே, பக்கத்து ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா... இவற்றை முதலில் பாருங்கள். ஜிம் கடைசியில். சாப்பாடு நன்றாக இருந்தால்தானே அப்பளத்தைப் பற்றிப் பேச வேண்டும்!

ஒரு வருத்தமும் உண்டு. சில திட்டங்கள் பரிசோதனை முடிவை வைத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரிக்கின்றன. பச்சைக்காரருக்கு அதிகச் சலுகை, சிவப்புக்காரருக்குக் கொஞ்சம். உடற்பயிற்சி யாருக்கு ரொம்பத் தேவையோ அவருக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

ஜிம்மில் சேரும் நாற்பது தாண்டியவர்களுக்கு: பி.பி., சர்க்கரை, இதயக் கோளாறு இருந்தால் முதலில் உங்கள் டாக்டரைப் பாருங்கள். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். குளுக்கோஸ் கையிருப்பில் இருக்கட்டும். மார்பில் அழுத்தம், தலைசுற்றல் வந்தால், பாயின்ட் போனால் போகட்டும், உடனே நிறுத்துங்கள்.

வீட்டுத் தலைவிகளே, ஜிம் அவருக்கும் பையனுக்கும்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தியாவில் வயது வந்த பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்று 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் 2024-ல் எழுதியது. ஆண்களில் 42 சதவீதம். 'நாள் பூரா வீட்டு வேலை செய்றேனே' என்பீர்கள். நியாயம்தான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் வாரம் 150 நிமிஷ மிதமான உழைப்போடு, இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்யச் சொல்கிறது. நடை இலவசம், தெருவே போதும். இரண்டாவது விஷயத்துக்குத்தான் ஜிம்மும் ஒரு நல்ல பயிற்சியாளரும் உதவுகிறார்கள். மாதவிடாய் நின்றபின் எலும்பு தேய்கிற காலத்தில் இது நன்றாகக் கைகொடுக்கும். எடை தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம், ஆகாது.

ஏஜென்ட் போனில் சொன்னதையெல்லாம் மெயிலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பாலிசிப் பத்திரம் வந்ததும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சொன்ன ஜிம் இல்லை, சலுகை இல்லை, அல்லது வேறு ஏதாவது பிடிக்கவில்லை என்றால், பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம், காப்பீடு இருந்த நாட்களுக்கான தொகை ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள். பத்திரம் வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.