மூன்றரை வட்டி: கிரெடிட் கார்டுக்காரர்களின் மனக்குறை

கடைத்தெருவில் ஒருவர் நூற்றுக்கு மூன்றரை ரூபாய் மாத வட்டி கேட்டால், "இது என்ன கொள்ளை!" என்று ஊரே பேசும். அதே வட்டியைப் பாங்கி கேட்டால், அதற்கு "கிரெடிட் கார்டு விதிமுறை" என்று பெயர்!

தோலுக்கும் ஷூவுக்கும் பேர் போனவை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. இங்கே ஷூ கம்பெனிச் சம்பளம் மறு மாதம் 7-ந் தேதி கைக்கு வருகிறது என்று வைத்துக் கொள்வோம். கார்டு பில்லின் கெடு 3-ந் தேதி. கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால் தாமதக் கட்டணம் உண்டு. 6-ந் தேதியோடு அந்த மூன்று நாள் முடிந்தது. ஒரே ஒரு நாளில் அபராதம்!

வட்டி அதைவிடப் பெரிய கதை. 10,000 ரூபாய் பில்லுக்கு 500 ரூபாய் மட்டும் கட்டினால் போதும் என்று பாங்கி சொல்கிறது. கட்டியவர் நிம்மதியாகத் தூங்குகிறார். மீதி 9,500-க்கு மூன்றரை வட்டி 332 ரூபாய் 50 காசு. அந்த வட்டிக்கு 18 சதவீத வரி வேறு, சுமார் 60 ரூபாய். ஆக, கட்டிய 500-ல் கடன் குறைந்தது ஏறக்குறைய 108 ரூபாய்தான்.

கோர்ட்டில் நடந்தது

இந்த வட்டிக்குக் கடிவாளம் போட ஒரு முயற்சி நடந்தது. "ஆவாஸ்" என்ற அமைப்பும் மற்றவர்களும் தேசிய நுகர்வோர் கமிஷனுக்குப் போனார்கள். கெடுவுக்குள் கட்டாதவர்களிடம் ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வியாபாரம் என்று 7-7-2008-ல் கமிஷன் தீர்ப்பளித்தது. அப்போது பாங்கிகள் 36 முதல் 49 சதவீதம் வரை வாங்கி வந்தன.

சிட்டி பாங்கி, எச்.எஸ்.பி.சி., ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஆகியவை அப்பீல் செய்தன. தீர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. வழக்கு நீண்டது. ஓர் ஆண்டல்ல, இரண்டல்ல, 16 ஆண்டுகள்!

20-12-2024-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் பேலா எம்.திரிவேதி, சதீஷ் சந்திர சர்மா ஆகியோர் கமிஷனின் தீர்ப்பை ரத்து செய்தார்கள். வட்டியைக் கண்காணிப்பது ரிசர்வ் பாங்கியின் வேலை, பாங்கியும் வாடிக்கையாளரும் செய்த ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத கமிஷனுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். ரிசர்வ் பாங்கியோ, அநியாய வட்டி கூடாது என்று சொன்னதே தவிர, எத்தனை சதவீதம் என்று வரம்பு வைக்கவில்லை. எங்கே போய் முறையிடுவது என்று கார்டுக்காரர்கள் பொருமியதில் வியப்பில்லை.

தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு 2003-ல் தடைச் சட்டம் வந்தது. ஆனால் பாங்கிகளுக்கு 1984-லேயே சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. வட்டி அதிகம் என்ற காரணத்துக்காகப் பாங்கிக் கடனைக் கோர்ட்டு மறுபடி கிளறக் கூடாது என்கிறது, பாங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21-ஏ பிரிவு.

இந்த வட்டாரத்துக்கு சுப்ரீம் கோர்ட்டு புதிதல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், மாசு செய்த தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது 28-8-1996 தீர்ப்பு. அதிகாரிகள் அசையாத இடத்தில் அன்று கோர்ட்டு அசைந்தது. கார்டு விஷயத்தில் அப்படி நடக்கவில்லை.

கையில் உள்ள உரிமை

ஆனாலும் கார்டுக்காரர் அடியோடு கைவிடப்படவில்லை. 2022-ல் ரிசர்வ் பாங்கி போட்ட விதிகள் உண்டு. மேலே சொன்ன மூன்று நாள் சலுகை அதில் வந்ததுதான். தாமதக் கட்டணத்தை மீதிப் பாக்கிக்கு மட்டுமே கணக்கிட வேண்டும், மொத்த பில்லுக்கு அல்ல. கட்டாத கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி எழுதினால், ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குப் பாங்கி தர வேண்டும். அங்கேயும் அபராதம் உண்டு!

சம்பள நாளும் கெடு நாளும் ஒத்துவராதவர்கள், பில் தேதியை மாற்றித் தரும்படி கேட்கலாம். ஒரு முறையாவது மாற்ற வாய்ப்புத் தர வேண்டும் என்பது 2024-ல் வந்த விதி. 3-ந் தேதிக் கெடு 12-ந் தேதிக்குப் போனால், 7-ந் தேதிச் சம்பளக்காரருக்கு ஐந்து நாள் கையில் இருக்கும்.

பாங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. வக்கீலும் தேவையில்லை.