வாழை பெருகியது, பயன் பெருகியதா?

உடுமலையிலிருந்து பழனிக்குச் செல்லும் சாலையில் மடத்துக்குளத்தைக் கடந்து போகிறவர்கள், அமராவதி பாயும் பூமியில் நெல்லுக்கும் கரும்புக்கும் இடையே அணிவகுத்து நிற்கும் வாழைத் தோட்டங்களைக் கண்டிருப்பார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சியான காட்சிதான். ஆனால் அந்தத் தோட்டத்துக்கு உடையவனை நிறுத்தி, "இவ்வருஷம் வாழை எப்படி?" என்று கேட்டால், அவன் முதலில் வானத்தைப் பார்க்கிறான், பிறகு மண்டி இருக்கும் திசையைப் பார்க்கிறான். ஆடிக் காற்று மரத்தைச் சாய்க்குமோ என்பது ஒரு கவலை. காற்றுக்குத் தப்பிய தாரை மண்டி சாய்த்துவிடுமோ என்பது அதனினும் பெரிய கவலை.

இந்தக் கவலை ஒரு தாலுகாவின் கவலை மட்டுமன்று. தேசத்தின் ஆகாரத்தைப் பற்றிச் சிந்திக்கும் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டிய விஷயம் இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1961-ல் இந்தியாவில் விளைந்த வாழைப்பழம் ஏறக்குறைய 22 லட்சம் டன். 1990-ல் அது சுமார் 70 லட்சம் டன்னாயிற்று. 2000-ல் 140 லட்சம். 2010-ல் 300 லட்சத்தை நெருங்கியது. 2022-ல் 345 லட்சத்தை எட்டியது. அறுபது ஆண்டுகளில் விளைவு பதினைந்து மடங்கு பெருகியிருக்கிறது. உலகில் விளையும் வாழைப்பழத்தில் ஏறக்குறைய கால் பங்கு நம்முடையது. வாழை விளைவில் நமக்கு முன்னால் நிற்கும் தேசம் வேறில்லை.

இதே காலத்தில் ஜனத்தொகையும் பெருகிற்று. ஆயினும் வாழை அதனை முந்திக்கொண்டது. 1961-ல் விளைந்ததை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டிருந்தால், தலைக்கு வருஷத்துக்கு 5 கிலோ கிடைத்திருக்கும். 2022-ன் விளைவைப் பங்கிட்டால் 24 கிலோ வரும். அணைகளும் ஆழ்கிணறுகளும் தந்த தண்ணீர், சொட்டுநீர்ப் பாசனம், திசு வளர்ப்பு முறையில் உண்டாக்கிய ஒரே சீரான கன்றுகள், எல்லாவற்றுக்கும் மேலாக விவசாயியின் உழைப்பு ஆகியவை சேர்ந்து செய்த சாதனை இது. இதைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் விளைவு வேறு, உணவு வேறு. தோட்டத்தில் வெட்டிய தார் அனைத்தும் வாய்க்குப் போய்ச் சேர்வதில்லை. லூதியானாவிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம் 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறுவடை முதல் விற்பனை வரை வாழையில் 100-க்கு ஏறக்குறைய 8 பங்கு வீணாகிறது. எட்டுத்தானே என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். 345 லட்சம் டன்னுக்கு அதே விகிதத்தில் கணக்கிட்டால் 27 லட்சம் டன் ஆகிறது. அதாவது, 1961-ல் தேசம் முழுவதும் விளைந்ததைக் காட்டிலும் அதிகமான பழத்தை நாம் இன்று குப்பையில் கொட்டுகிறோம்! நம் பெருமைக்கும் வெட்கத்துக்கும் ஒரே கணக்குச் சாட்சி சொல்கிறது.

தலைக்கு 24 கிலோ என்றால் நாளொன்றுக்கு 66 கிராம். அதில் வீணாவதையும் தோலையும் கழித்தால் மிஞ்சுவது சுமார் 40 கிராம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வகுத்த உணவு முறையில், நாளொன்றுக்கு 100 கிராம் பழம் வேண்டுமென்று சொல்லியிருக்கிறது. மற்றப் பழங்களும் உண்டென்பது உண்மையே. ஆயினும் ஏழையின் கைக்கு எட்டும் பழம் எது? மாம்பழம் பருவத்துக்கு வரும், போகும். ஆப்பிள் கடைக்காரனின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். வருஷம் முழுவதும் பெட்டிக் கடையிலும் தொங்கும் பழம் வாழை ஒன்றுதான். அது வீணாகும்போது வீணாவது ஏழைக் குழந்தையின் பங்கு.

இனி, மற்றோர் அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். பெருக்கத்தின் பெரும்பகுதி கிராண்ட் நைன் முதலான கேவண்டிஷ் இனத்தைச் சார்ந்து வந்தது. ஒரே தாயின் கன்றுகள் தேசமெங்கும் நின்றால் ஒரே நோய் அனைத்தையும் வீழ்த்தும். இது கற்பனையன்று. மத்திய அமெரிக்காவில் குரோ மிஷேல் என்ற ஒரே ரகத்தை நம்பி உலக வியாபாரம் நடந்தது. மண்ணில் வாழும் பூஞ்சையால் வந்த பனாமா வாடல் நோய் தோட்டம் தோட்டமாக அழிக்க, 1960-களுக்குள் அந்த ரகம் ஏற்றுமதிச் சந்தையிலிருந்து மறைந்தது. அதற்குப் பதிலாக வந்ததே கேவண்டிஷ். இப்போது அந்தக் கேவண்டிஷையே தாக்கும் புதிய பூஞ்சை தோன்றி, பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் புகுந்திருக்கிறது. மண்ணில் ஒருமுறை இறங்கினால் பல்லாண்டுகள் போகாத பகைவன் அது.

தூரதேசத்து உதாரணம் எதற்கு? மடத்துக்குளத்திலிருந்து பார்த்தால் தெரியும் பழனி மலையே போதும். பஞ்சாமிர்தத்துக்குப் பேர்பெற்ற விருப்பாட்சி வாழை அம்மலையில்தான் செழித்தது. முடிக்கொத்து நோய் வந்து, 1970-களிலிருந்து அதன் பெரும்பகுதியை அழித்துவிட்டது. 2008-ல் விருப்பாட்சிக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது நல்லதே. மரத்துக்கும் கிடைக்க வேண்டாமா?

செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவது, வாழை விளையும் ஒவ்வொரு தாலுகாவிலும் குளிர்பதனக் கிடங்கும், முறைப்படி பழுக்கவைக்கும் அறைகளும் விவசாயிகளின் கூட்டுறவில் அமைய வேண்டும். இன்று வெட்டிய தாரை இன்றே விற்றாக வேண்டியவன் பேரம் பேச முடியாது. பத்து நாள் காத்திருக்கக் கூடியவன் பேசலாம். இரண்டாவது, தார்க்கணக்கில் கண்மதிப்பாக ஏலம் விடுவது ஒழிந்து, எடைக்கணக்கு எங்கும் வழக்கமாக வேண்டும். எடையில்லாத வியாபாரத்தில் நஷ்டம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாவது, திருச்சியில் 1993 முதல் இயங்கிவரும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் காத்துவரும் ரகங்கள் அங்கேயே அடைபட்டுக் கிடக்கலாகாது. பூவனும் ரஸ்தாளியும் கற்பூரவல்லியும் மொந்தனும் நோயற்ற கன்றுகளாக விவசாயிக்குக் கிடைக்க வேண்டும்.

நான்காவது, எல்லாவற்றிலும் எளிது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் தொடங்கிய பள்ளி மதிய உணவு, 1982-ல் சத்துணவாக விரிந்தது. விலை சரிந்து தார்கள் மரத்திலேயே பழுக்கும் மாதங்களில், சர்க்கார் அருகிலுள்ள தோட்டங்களில் நியாய விலைக்கு வாங்கி, அந்தந்த வட்டாரத்துப் பள்ளிகளின் இலையில் குழந்தைக்கு ஒரு பழம் வைக்கட்டும். விவசாயிக்கு விலை, குழந்தைக்கு ஆகாரம், இடையில் நெடுந்தூரப் பிரயாணமில்லை, அழுகலுமில்லை. இதற்கு மடத்துக்குளத்திலேயே ஆரம்பம் செய்யலாம். தோட்டமும் பள்ளிக்கூடமும் அங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

வாழையடி வாழையாக என்று வாழ்த்துகிறோம். மணப்பந்தலில் குலைதள்ளிய மரத்தை முதலில் நிறுத்துகிறோம். அந்த மரத்தை வளர்த்தவன் கடனில் நிற்க, அதன் பழம் குப்பையில் கிடக்க, விளைவில் உலகுக்கு முதல்வர் என்று நாம் மார்தட்டிக்கொள்வது அழகாகாது. விளைவிக்கும் வித்தையை அறுபது ஆண்டுகளில் கற்றுக்கொண்டோம். விளைந்ததைக் காத்துப் பகிரும் வித்தையைக் கற்க இன்னும் அறுபது ஆண்டுகள் வேண்டுமா?