கறுப்புப் புலியின் பூர்வீகம்

சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால், தாம்பரம் தாண்டி வண்டலூர். அங்குள்ள உயிரியல் பூங்காவில் கறுப்புப் புலிகளும் வளர்ந்திருக்கின்றன. கறுப்பு என்கிறோமே தவிர, அடிப்படை நிறம் மஞ்சள்தான். முதுகில் கோடுகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, இடையிடையே மஞ்சள் கீற்றுகள் மட்டும் எட்டிப் பார்க்கும்.

இவை ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவிலிருந்து வந்த வம்சம். காட்டில் இப்படிப்பட்ட புலிகள் வாழ்வது அதே மாநிலத்துச் சிமிலிபாலில் மட்டும். கறுப்புக்கான காரணத்தை 2021இல் வெளியிட்டவர்கள் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன், வினய் சாகர் குழுவினர். டாக்பெப் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தால்தான் குட்டி கறுக்கும். (தெருப்பூனை சிலவற்றின் உடம்பில் கோட்டுக்குப் பதில் சுழிசுழியாகத் திட்டு இருக்குமே, அதுவும் இந்த மரபணுவின் வேலைதான்.)

இந்த மாற்றத்தைத் தேடப் புலியைப் பிடிக்க வேண்டியதில்லை. புலி போட்டுவிட்டுப் போன எச்சத்தின் மேற்பரப்பில் அதன் குடல் செல்கள் ஒட்டியிருக்கும்; உதிர்ந்த முடியும், கடித்துப் போட்ட இரையில் படிந்த எச்சிலும் உதவும். அப்படிச் சேகரித்துப் பார்த்ததில், சிமிலிபாலுக்கு வெளியே எந்தக் காட்டுப்புலியிடமும் அந்த மாற்றம் சிக்கவில்லை. உள்ளேயோ மலிந்து கிடந்தது.

எப்படி மலிந்தது? சிமிலிபாலுக்கு வேறு காட்டுப் புலிகள் வந்துபோக வழியில்லை. மிஞ்சிய சில புலிகள் சொந்தத்துக்குள்ளேயே கூடிக்கூடி, அபூர்வமாக இருக்க வேண்டியது சாதாரணமாகிவிட்டது. கறுப்பால் புலிக்குக் கெடுதல் என்று சொல்வதற்கில்லை. ஆனால் நிறத்தைப் பரப்பிய அதே உறவுக் கலப்பு கண்ணுக்குத் தெரியாத குறைகளையும் பரப்பும். அமெரிக்காவின் புளோரிடாவில் பூமாக்களுக்கு இதயக் கோளாறும் வளைந்த வாலும் வந்தது இப்படித்தான். 1995இல் டெக்சாசிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்ட பிறகே அவை தேறின.

அதே வைத்தியம் இங்கும் தொடங்கியிருக்கிறது. 2024 கடைசியில் மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என்ற இரு பெண்புலிகள் சிமிலிபாலுக்கு வந்தன. ஜீனத் இருப்புக் கொள்ளாமல் ஜார்க்கண்ட் வழியாக மேற்கு வங்கத்தின் பாங்குரா வரை நடந்துவிட, மயக்க ஊசி போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மரபணு தேவையைத்தான் சொல்லும். புலி எங்கே தங்கும் என்பது புலியின் இஷ்டம்.

அதே 2024இல் ஒடிசா அரசு கறுப்புப் புலி சஃபாரி ஒன்றையும் அறிவித்தது. கூட்டம் வரும், சந்தேகமில்லை. ஆனால் சிமிலிபால் காட்டில் இனிக் கறுப்புக் குட்டிகள் குறைந்தால், அதுதான் நல்ல சேதி.