எந்தப் பழனி? ஆவணமும் மேப்பும் பேசிக்கொண்டால்...

‘பழனி போயிட்டு வந்தேன்’ என்றால் ஊர். ‘பழனி வந்துட்டான்’ என்றால் ஆள். ‘பழனி மலை’ என்றால்? முருகன் கோயில் குன்றா, கொடைக்கானல் இருக்கும் மலைத்தொடரா? நமக்குப் பேச்சுப் போக்கில் புரிந்துவிடும். கணினி பாவம், முழிக்கும்.

குவியல் குவியலான ஆவணங்களை விஷயவாரியாகப் பிரிக்க, 2003-ல் டேவிட் பிளெய், ஆண்ட்ரூ இங், மைக்கேல் ஜோர்டன் வெளியிட்ட எல்.டி.ஏ. முறை பிரபலம். லாஜிக் சிம்பிள்: அடிக்கடி சேர்ந்து வரும் சொற்கள் ஒரு தலைப்பு. பக்கத்தில் ‘காவடி, பஞ்சாமிர்தம்’ வந்தால் கோயில். ‘சோலை, புல்வெளி’ வந்தால் மலைத்தொடர்.

அடுத்து, மேப்பை விரலால் தொட்டு, ‘இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?’ என்று வாயால் கேட்பது. சுட்டிக்காட்டிப் பேசும் இந்த முறையை எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் போல்ட் 1980-லேயே செய்து காட்டிவிட்டார்.

பழனி மலையில் இந்தக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் வலிக்கும். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2018-ல் ‘ப்ளாஸ் ஒன்’ இதழில் வந்தது. புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காலி. முக்கியக் காரணம், வாட்டில், யூகலிப்டஸ், பைன் தோட்டங்களும் விவசாயமும். டூரிஸ்ட்கள் செல்ஃபி எடுக்கும் பைன் காடும் நட்டு வளர்த்ததுதான்!

இந்த மரங்களை எப்போது, எதற்காக நட்டார்கள்? அதைப் படம் சொல்லாது, பழைய கோப்புகள்தான் சொல்லும். ஆங்கிலேயர் காலக் கோப்புகளில் பழனி ‘புல்னி’ ஆகிக் கிடக்கும். இரண்டும் ஒரே மலை என்பதைக் கணினிக்கு முதலில் யாராவது சொல்லித்தர வேண்டும்.